அடிக் கணக்கு இருக்கிறது, அழுக்குக் கணக்கு?

தம்மம்பட்டிக்குப் போனது மரச்சிற்பம் பார்க்க. பார்த்துவிட்டுத் திரும்பியது தண்ணீர் கவலையோடு.

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரம் இந்த ஊர். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. ஊரை ஒட்டி சுவேத நதி. பேரில்தான் நதி. நான் போனபோது மணலும் முள்ளும்தான் கண்ணில் பட்டன. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பேப்பர் பிரித்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: ''மேட்டூர் எத்தனை அடிங்க தம்பி?''

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சுவேத நதி போய்ச் சேருவது வெள்ளாற்றில். மேட்டூர் பாசனத்துக்கும் இந்த ஊர் வயலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இருந்தும் கேட்கிறார். சேலத்தில் கேட்கிறார்கள், நாமக்கல்லில் கேட்கிறார்கள், திருச்சியில் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரிக்கெட் ஸ்கோருக்கு அடுத்தபடியாக விசாரிக்கப்படும் எண் அதுதான். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. அச்சு அசலாக ஒரு பேரேடு. வரவு, செலவு, கையிருப்பு!

நான் படித்தது பி.காம். இந்த மாதிரி மூன்று பத்தியைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக உறைத்தது. இந்தப் பேரேட்டில் தண்ணீர் எவ்வளவு என்று இருக்கிறது. எப்படிப்பட்டது என்று இல்லை. அடுத்த கேள்வியை அந்தப் பெரியவரும் கேட்கவில்லை. அத்தனை வருடம் பேப்பர் ஆபீசில் குப்பை கொட்டிய நானும் கேட்டதில்லை.

எதற்காகக் கேட்க வேண்டும்?

சமீப வருடங்களில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோரங்களில் தண்ணீர் பலமுறை பச்சைப் பசேலென்று மாறியிருக்கிறது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு படலம். கரையோர ஊர்களில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரிகள் படகில் போய் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்தார்கள். படலம் கலைந்தது. செய்தியும் கலைந்தது.

தெளித்தது சரியா தவறா என்று பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை. ஆனால் தண்ணீரில் பச்சை வந்ததும் எதையாவது தெளித்து விரட்டுவது என்ற யோசனை உலகத்துக்குப் புதிது கிடையாது. அதில் ஒரு பழைய கதை இருக்கிறது. கொஞ்சம் பயங்கரமான கதை.

1979-ம் வருடம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரைக்கு அப்பால் பாம் தீவு. பழங்குடி மக்கள் வாழும் தீவு. குடிக்கத் தண்ணீர் சாலமன் அணையிலிருந்து. அணையில் பாசி மண்டியது. தண்ணீர் நாறியது. ஜனங்கள் புகார் சொன்னார்கள். நிர்வாகம் அன்றைக்கு உலகம் முழுக்க எல்லோரும் செய்ததைச் செய்தது. மயில்துத்தம் போட்டது. அதாவது காப்பர் சல்பேட். நம் ஊரில் பயிருக்கு அடிக்கிறார்களே, அதே சமாசாரம்.

பாசி செத்தது. சில நாள்களில் குழந்தைகள் வரிசையாக விழ ஆரம்பித்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, ஈரல் வீக்கம், பிறகு ரத்தபேதி. மொத்தம் 148 பேர். அதில் 138 பேர் குழந்தைகள். டாக்டர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'பாம் தீவு மர்ம நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மர்மம் அவிழப் பல வருடம் ஆனது. அணைத் தண்ணீர் போகாத வீடுகளில் நோய் இல்லை என்பதுதான் துப்பு. அணையில் இருந்தது ஒருவகை நீலப்பச்சைப் பாசி. அது தன் உடம்புக்குள் விஷத்தை வைத்துக்கொண்டிருக்கும் ரகம். உயிரோடு இருந்தவரை விஷத்தில் பெரும்பகுதி உள்ளேயே இருந்தது. மயில்துத்தம் போட்டதும் பாசி வெடித்துச் செத்தது. உள்ளே இருந்ததெல்லாம் மொத்தமாகத் தண்ணீரில் கலந்தது. நல்லது செய்யப் போய் வந்த வினை!

'காய்ச்சிக் குடித்திருக்கலாமே?' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கிருமி என்றால் கொதியில் சாகும். இந்த மாதிரி பாசி விஷங்கள் ஒரு கொதிக்கெல்லாம் அசைந்துகொடுக்காது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டினால் மிச்சமிருப்பதில் விஷத்தின் அடர்த்தி கூடுமே தவிரக் குறையாது. நம் பாட்டி காலத்து வைத்தியம் பலிக்காத இடம் இது.

சரி, போட்டால் என்ன ஆகும் என்பதைப் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

மறுபடியும் தம்மம்பட்டிக்கு வாருங்கள். இந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், கதவு வேலைப்பாடுகள். ஒரு பட்டறையில் சிற்பி ஒருவர் உளியைத் தொடாமல் பேப்பரில் அளவு பிரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக. ''இன்னும் ஆரம்பிக்கலையா?'' என்றேன். நிமிராமலே பதில் சொன்னார்: ''தாள்ல தப்புப் பண்ணினா அழிச்சுக்கலாமுங்க. மரத்துல பண்ணினா மரம் போச்சுங்க.''

கணிப்பொறி மாடல் என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகங்கள் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அணையில் செய்து பார்க்க முடியாத தப்பைத் தாளில் செய்து பார்ப்பது. அவ்வளவுதான். தாளுக்குப் பதிலாகக் கணிப்பொறி.

இந்தக் கலை பிறந்தபோது கணிப்பொறியே கிடையாது என்பதுதான் வேடிக்கை. 1925-ம் ஆண்டு. இங்கே மேட்டூரில் அணை கட்ட வேலை தொடங்கிய அதே வருடம். அமெரிக்காவில் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்று இரண்டு பேர் ஒஹையோ நதியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் நதியில் விழுகிறது. விழுந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன ஆகிறது? பத்து மைல் தள்ளி? நூறு மைல் தள்ளி?

இதை ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளைத் தாண்டும்போது பஸ்ஸில் ஒரு புளித்த வாடை வருமே? கிழங்குக் கழிவுநீர் தேங்கி நிற்கும் வாடை அது. அந்த மாதிரிக் கழிவு ஓடையில் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு விருந்து. தின்றுகொண்டே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் காலி பண்ணும். அதே சமயம் மேலே இருக்கும் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு. செலவு முந்தினால் மீன் சாகும். வரவு முந்தினால் நதி பிழைக்கும். இரண்டுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தை அந்த இரண்டு பேரும் ஒரு சமன்பாட்டில் அடக்கினார்கள். வரைந்து பார்த்தால் தொட்டில் மாதிரி தொங்கும் ஒரு வளைகோடு. தொட்டிலின் அடிமட்டம் எந்த மைலில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்றைக்கு நதிகளுக்கென்று இருக்கும் பெரிய பெரிய கணிப்பொறி மாடல்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா இந்த வளைகோடுதான். யமுனையின் டெல்லிப் பகுதியை ஆராய நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்ட மாடலும் இந்த வம்சத்தில் வந்ததே.

ஆனால் அது ஓடும் நதி. தேங்கி நிற்கும் அணை வேறு ஜாதி.

கிராமத்துக் கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வெயில் காலத்தில் மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கீழே விட்டால் சில்லென்று பிடிக்கும். அணையிலும் அப்படித்தான், இன்னும் பெரிய அளவில். சூடான தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். குளிர்ந்தது கனம், கீழே கிடக்கும். இரண்டும் மாதக் கணக்கில் மாமியார் மருமகள் மாதிரி ஒட்டாமலே இருக்கும். மேலேயிருந்து காற்று கீழே போகாது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் அடிச்சேறு தான் வருடக்கணக்காகப் பிடித்துவைத்திருந்த இரும்பு, மாங்கனீஸ், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும். பிறகு ஒருநாள் காற்றடித்து, வெயில் தணிந்து, மேல் தண்ணீர் குளிரும். மொத்த அணையும் ஒரு புரட்டுப் புரளும். அடியில் கிடந்த அத்தனையும் மேலே. பாசிக்கு அது தலைதீபாவளி.

இந்த அடுக்குகளைக் கணக்கில் பிடித்த முன்னோடிகளில் ஒருவர் ஆஸ்திரேலியரான ஜோர்க் இம்பெர்கர். மேற்கு ஆஸ்திரேலியாவில் வெலிங்டன் அணை. நம் திட்டக்குடி வெலிங்டன் ஏரி இல்லை, இது வேறு. மேட்டுநிலத்துக் காட்டை வெட்டி விவசாயம் பண்ணியதில் அணைத் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வந்தது. இம்பெர்கரும் சகாக்களும் 1978-ல் ஒரு மாடலை வெளியிட்டார்கள். அணையைப் படுக்கைவாட்டில் அடுக்கடுக்காக வெட்டிக்கொள்ள வேண்டியது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் கணக்கு. எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. பி.காம். பாஷையில் சொன்னால் ஒவ்வோர் அடுக்கும் ஒரு கிளை அலுவலகம். எல்லாக் கிளைகளையும் சேர்த்தால் தலைமையகத்தின் ஐந்தொகை. மழைக்கு வரும் உப்புத் தண்ணீர் கனமானதால் அடியில் போய்ப் படுக்கும் என்று தெரிந்துவிட்டால் வேலை சுலபம். எந்த மதகை எப்போது திறந்தால் உப்பு வெளியே போகும் என்று கணக்கே சொல்லும்.

புரிகிறதா? அணை ஒரு தொட்டி என்று நினைத்தால் ஒரே குழாய், ஒரே தண்ணீர். அணை ஓர் அடுக்குமாடி என்று தெரிந்துவிட்டால், எந்த மாடியிலிருந்து குடிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம்.

நியூயார்க் நகரம் இதில் காசு பார்த்தது. அந்த ஊரின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் மலை அணைகளிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டச் சொல்லி 1990-களில் மத்திய அரசு நெருக்கியது. ஆலைக்கு 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். அதில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து அணைக்குத் தண்ணீர் வரும் காடு மலைகளைக் காப்பாற்றுகிறோம் என்று 1997-ல் மலைக் கிராமங்களோடு நகரம் ஒப்பந்தம் போட்டது. பின்னாளில் கணிப்பொறி மாடலும் சேர்ந்துகொண்டது. பெருமழை பெய்து ஓர் அணை கலங்கினால், கலங்கல் எப்போது தெளியும், அதுவரை வேறு எந்த அணையிலிருந்து எடுப்பது என்று அது ஓட்டிப் பார்த்துச் சொல்கிறது.

இதெல்லாம் பணக்கார ஊர்க் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டிய கதை அடுத்ததுதான்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஈரி ஏரி. 1960-களில் அது செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. கரையெல்லாம் பாசி. அதில் விழும் குயஹோகா நதி 1969-ல் எண்ணெய்க் கழிவில் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் எரிந்த ஊர்! யார் குற்றம்? நகரங்கள் ஆலைகளைக் கை காட்டின. ஆலைகள் விவசாயிகளைக் காட்டின. துணி சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பேட்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொன்னபோது, சோப்புக் கம்பெனிகள் தரப்பில் 'இல்லை, கார்பன்தான்' என்று வாதம் கிளம்பியது.

இரண்டு பேர் இந்தச் சண்டையை முடித்துவைத்தார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்துக்காரரான வோலன்வைடர். 1968-ல் அவர் எழுதிய அறிக்கை அசல் கணக்குப்பிள்ளை வேலை. ஓர் ஏரிக்கு வருடத்துக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வரவு, எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு அடியில் தங்குகிறது. ஆழத்தைப் பொறுத்து எவ்வளவு வரை தாங்கும், எதைத் தாண்டினால் பச்சையாகும்.

இன்னொருவர் கனடாவின் டேவிட் ஷிண்ட்லர். 1973-ல் இடுப்பு குறுகலாக இருந்த ஒரு குட்டி ஏரியை எடுத்துக்கொண்டார். 226 என்பது அதன் எண். இடுப்பில் குறுக்கே ஒரு திரை கட்டினார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதியில் அவை இரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாகிவிட்டது. மற்றது அப்படியே. வானத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. விவாதம் குளோஸ்.

1972-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. மாடல்களை ஓட்டிப் பார்த்து 1978-ல் ஓர் எண்ணை எழுதினார்கள். ஈரி ஏரிக்கு வருடத்துக்கு 11,000 டன் பாஸ்பரஸ், அதற்கு மேல் கூடாது. சோப்பில் பாஸ்பேட் குறைந்தது. சாக்கடை சுத்திகரிக்கப்பட்டது. 1980-களில் ஏரி கண் திறந்தது.

சுபம் போடலாமா? ம்ஹூம். 1990-களுக்குப் பிறகு வயல்களிலிருந்து கரைந்து வரும் உரம் அதிகமானது. மறுபடியும் பச்சை. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேருக்கு, 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்' என்று அறிவிப்பு. இத்தனைக்கும் அந்தக் கோடையில் பாசி வரும் என்று முன்கணிப்பு இருந்தது. அந்த வருடத்துப் பாசி இருப்பதிலேயே பெரியதும் இல்லை. காற்று அதை நகரம் தண்ணீர் உறிஞ்சும் இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. மாடல் ஒன்றும் கிளி ஜோசியம் இல்லை. அது கணக்கு. புது வரவு வந்தால் புது வரி எழுத வேண்டும். அவர்கள் எழுதினார்கள். 2016-ல் இன்னொரு இலக்கு, பாஸ்பரஸை 40 சதவீதம் குறைப்பது என்று.

இப்போது மேட்டூருக்கு வருவோம்.

பச்சை வரும்போதெல்லாம் இங்கேயும் மூன்று கைகள் நீள்கின்றன. அணை வற்றும்போது பண்ணவாடி பக்கத்தில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியுமே, அந்த நிலத்தில் ஜனங்கள் பயிர் வைக்கிறார்கள். அந்த உரம்தான் காரணம் என்கிறது ஒரு கை. திடீரென்று தண்ணீர் ஏறி, முழுகிய பயிர் அழுகுவதுதான் காரணம் என்கிறது இன்னொரு கை. மூன்றாவது கை வடக்கே நீள்கிறது. பெங்களூருவின் சாக்கடையைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில் விழுகிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், அப்புறம் மேட்டூர். கர்நாடகத்திலிருந்து வரும் கழிவு பற்றிய தமிழ்நாட்டின் புகார் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

மூன்று பேரில் யார் பங்கு எவ்வளவு? இதற்குப் பதில் ஒரு பேரேட்டில் இருந்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும். நூறு குடும்பம் அணைக்குள் வைக்கும் சோளத்தைப் பிடுங்குவதா, ஒரு மாநகரத்தின் சாக்கடைக்காக வழக்காடுவதா என்று தெரிந்துவிடும். பேரேடு இல்லாதவரை எளியவன் மேல் பழி போடுவது ரொம்பச் சுலபம். கணக்கு இல்லாத கடையில் முதலில் சந்தேகப்படுவது எடுபிடிப் பையனைத்தானே?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காவிரியில் பல இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாடலுக்குத் தீனி அதிகம். எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஆக்சிஜன், எந்த வெள்ளத்தில் எவ்வளவு பாஸ்பரஸ் என்று அடிக்கடி, விடாமல் அளந்து எழுத வேண்டும். மென்பொருள் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தயாரித்த அணை மாடல் இலவசமாகவே கிடைக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் மாடலை நம் விஞ்ஞானிகளே செய்து 2019-ல் கொண்டுவந்தார்கள். மூளைக்குப் பஞ்சமில்லை. அளவுக்குச் செய்ததைத் தரத்துக்கும் செய்ய வேண்டும்.

1934-ல் திறந்த அணை. முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா வயலுக்காகக் கட்டியது. இன்றைக்கு அந்தக் காவிரித் தண்ணீரைச் சேலமும் ஈரோடும் திருச்சியும் குடிக்கின்றன. ராமநாதபுரம் வரைக்கும் குழாயில் போகிறது. ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் கொடுக்கவென்றே வெட்டிய பனமரத்துப்பட்டி ஏரி இருந்தது. மேட்டூர் குழாய் வந்ததும் அதை மறந்தோம். வற்றி, சீமைக்கருவேலம் மண்டியது. மாற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றையும் மிச்சம் வைக்காமல் மொத்தப் பணத்தையும் ஒரே பேங்கில் போட்டிருக்கிறோம். அந்த பேங்க்கின் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை.

அந்தப் பெரியவரிடம் அன்றைக்கு அடி சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீயை உறிஞ்சினார்.

நாளைக் காலை நீங்களும் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தேடுவீர்கள். தேடுங்கள், நல்ல பழக்கம். தேடியதும் பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொன்றும் கேட்டுவையுங்கள்: ''அது சரிங்க, தண்ணி எப்படி இருக்குதாம்?''

நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், நாலாவது பத்தி தானாக வரும்.